பூஜ்யத்தையும் எழுத வேண்டும்

மைனஸ் முப்பத்தொன்று.
பேனா மை உறைந்துவிடும் என்பதால் பென்சில்.
பென்சில் பிடிக்கக் கையுறையைக் கழற்றினால்
விரல்களுக்கு எட்டு நொடி அவகாசம்.
அதற்குள் ஓர்வொக்கி எழுதிவிடுவாள்:
ஏரிக்கரை, பூஜ்யம்.

பூஜ்யத்தையும் எழுத வேண்டும், அது விதி.
போய்ப் பார்த்து இல்லாதது வேறு,
பார்க்கவே போகாதது வேறு.
போகாத இடத்துக்கு ஒரு கோடு.
பதினோரு வருடத்தில் நாங்கள்
கோடு போட்டதே இல்லை.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
அவள் ஹார்யவாராவின் பல் மருத்துவர்;
என் கடைவாய்ப் பல் இரண்டை அடைத்தவள்.
மற்ற நாளில் கடையில் பார்த்தால் தலையசைப்போம்.
ஆண்டின் கடைசி வாரத்தில் ஒரு நாள் மட்டும்
அவள் சறுக்குக் கட்டைகள் கீறிய கோட்டில்
என் கட்டைகள், ஒன்பது கிலோமீட்டர்.

பத்தரைக்குச் சூரியன் வந்தது என்று சொல்ல முடியாது.
ஊசியிலை மரங்களுக்குப் பின்னால்
யாரோ கதவைக் கொஞ்சம் திறந்து
உள்ளே வரவா என்று யோசிக்கிற மாதிரி
ஒரு வெளிச்சம்.

கலெர்வோ வீட்டு முற்றத்தில்
பன்றிக் கொழுப்பு தொங்குகிறது.
அதில் பட்டாணிக் குருவிகள்,
உடம்பை உப்பவைத்து உருண்டு
கழுத்து எங்கே என்று தெரியாமல்.
ஒன்றுக்கு வால் வளைந்திருந்தது:
இரவு முழுக்க ஏதோ பொந்தில்
மடங்கிக் கிடந்த வால்.
பதினான்கு என்றேன்.
பதினைந்து என்றாள்.
அவள் சொன்னதுதான் சரி.

பிறகு பழைய காடு.
நின்றோம். இமை மயிர்கள் ஒட்டிக்கொண்டன.
மேலே எங்கோ
ஊசிமுனையால் கண்ணாடியைக் கீறும் ஒலி.
பொன்முடிச் சிட்டு!
ஐந்து கிராம். இரண்டு சர்க்கரைக் கட்டி.
நாலு மணி நேரப் பகலுக்குள்
இருபது மணி நேர இரவுக்குத் தின்றாக வேண்டிய
இரண்டு சர்க்கரைக் கட்டி.

அவளைப் பார்த்தேன்.
அவள் வேறு கிளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
இன்னொரு கீறல்.
கையுறையைக் கழற்றி எழுதினாள்:
பழைய காடு, பூஜ்யம்.

முப்பது வருடம் காதருகே சுழன்ற டிரில்
அந்த உச்சியைத் தின்றிருக்கிறது.
போன வருடம் இருந்ததா? அதற்கு முன்?
எத்தனை பூஜ்யங்கள் பூஜ்யங்கள்?

சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன்.
"எனக்கு ஒன்று கேட்டது" என்று வாய் சொல்லிவிட்டது.

அவள் தொப்பியைக் கழற்றினாள்.
அந்தக் குளிரில், நரைத்த தலையோடு,
வெறும் காதை மேலே திருப்பி நின்றாள்.
சிட்டு மூன்றாம் முறை கூப்பிட்டது,
நான்காம் முறையும்.
"இல்லை" என்றாள்.

ரப்பர் கல்லாகியிருந்தது, அழிக்கவில்லை.
பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில்:
ஒன்று. ஆர்மஸின் காது.

வெட்டவெளியில் பனி
இஸ்திரி போட்ட விரிப்பாகக் கிடந்தது.
எதுவும் இல்லை என்று நான் சொல்லி முடிக்கவில்லை,
எங்கள் இருவருக்கும் நடுவில் தரை வெடித்தது.
கறுப்பாக ஒன்று, படபடவென்று,
என் முகமெல்லாம் பனித்தூள்,
ஓர்வொக்கி உட்கார்ந்தேவிட்டாள்.
காட்டுச்சேவல். ஒன்று.
பனிக்குள் புதைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"அது கேட்டது" என்றாள், மூச்சு வாங்க.
சிரித்தாள். நானும்.

அப்புறம் அந்தக் குழியில் கையை விட்டாள்.
சும்மா இருந்தாள் கொஞ்ச நேரம்.
"நீயும் விட்டுப் பார்."
கிண்ணம் அளவு இடம், நாலைந்து எச்சங்கள்.
இன்னும் சூடு.
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறிற்று.

எங்கள் கணக்கில் ஒன்று கூடிற்று.
அது எங்கோ ஒரு கொம்பில் குந்தி
இன்று ராத்திரிக்கு இன்னொரு குழி
முதலிலிருந்து தோண்ட வேண்டும்.

அடுத்த வெட்டவெளி வந்தது.
அதே விரிப்பு, ஒரு சுருக்கமில்லை.
அவள் கட்டைகள் இடப்பக்கம் திரும்பின.
ஓரமாக, வேலியை ஒட்டி,
நானூறு மீட்டர் கூடுதலாகச் சுற்றினோம்.

மறுபுறம் வந்து சேர்ந்ததும்
தாளை எடுத்தாள்.
எட்டு நொடியில் ஐந்து போனது.
பிறகு அந்தக் கட்டத்தில்
கோடு போட்டாள்.